மெஷினில் கோளாறு இல்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மெஷினைக் கேட்டுப் பார்த்தேன். காது சோதிக்க வருகிறவர்கள் வந்து சேருவதற்கு முன், நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சு ஒலி வரை ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டு, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத் தனிக் கருவி எதுவும் கிடையாது. நல்ல காது ஒன்று இருந்தால் போதும். இந்த ஆஸ்பத்திரியில் அந்த நல்ல காது என்னுடையது. இன்று மேல் ஒலிகள் சோர்ந்து கேட்டன. ஹெட்போன் வயர் நைந்திருக்கும்.

ஒரு நல்ல சேதி: பக்கத்து அறையில் விசில் சத்தம் நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அந்த அம்மாள், மூச்சுப் பழக்கம் என்று குழந்தைகளை விசில் ஊத விட்டு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். நான் சுவரைத் தட்டியிருக்கிறேன், பெரிய டாக்டரிடமும் போயிருக்கிறேன். இப்போதுதான் ரோஷம் வந்திருக்கிறது. வராந்தாவில் எதிரே வந்து என்னவோ முணுமுணுத்தாள். திட்டுகிறாள் போல. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மகள் பேசினாள். அவள் அப்பா போன பிறகு, அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, இந்த வீட்டில் நான் வாயைத் திறப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். காலையிலிருந்தே ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன்.

இன்று வழக்கத்தைவிட நிறையப் பேசினாள். லைன் சரியில்லை. குரல் வருகிறது, வார்த்தைகள் கரைந்து போகின்றன. எத்தனை முறைதான் ‘என்ன, என்ன’ என்று கேட்பது? அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்க மாட்டாளா? உம் கொட்டினேன். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தாள். பதில் எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது. ‘நல்லது’ என்றேன். அதற்குப் பிறகு சட்டென்று வைத்துவிட்டாள்.

புது ஃபோன் வாங்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு பஸ் டிரைவர் மனைவியோடு வந்தார். காது மந்தம். மேஜையில் இருக்கும் பிளாஸ்டிக் காதைக் கழற்றிக் காட்டினேன்.

எனக்குப் பிடித்த பாடம் இது. நெஞ்சிலிருந்து வரும் காற்று தொண்டையில் இரண்டு மடிப்புகளை அதிர வைக்கிறது. நாக்கும் பல்லும் உதடும் அந்த அதிர்வைச் செதுக்கி வார்த்தையாக்குகின்றன. காற்றில் அதிர்ந்து வருவது செவிப்பறையில் மோத, மூன்று குட்டி எலும்புகள் அதை உள்ளே கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், அதற்குள் மயிரிழைகள். கீச்சு ஒலிக்கான இழைகள் வாசலிலேயே இருக்கின்றன. எல்லாச் சத்தமும் அவற்றை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போகும், அதனால் முதலில் தேய்வதும் அவைதான். ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த ஒலிகள், நன்றாகக் கேட்கும். ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள்தான் போய்விடும். பேசுவது கேட்கும், பேச்சு புரியாது.

“உலகமே முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். கோளாறு நம்மகிட்டன்னு தோணவே தோணாது” என்றேன்.

டிரைவரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் முணுமுணுக்கிறாள் என்று வீட்டில் தினம் சண்டையாம். நானும் சிரித்தேன். பாவம், இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளுகிறாளோ.

ஜூன் 22, ஞாயிறு

போன ஞாயிறும் இல்லை, இன்றும் அழைப்பு வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இன்றும் இல்லை. நானே கூப்பிட்டேன். வேலையாக இருக்கிறாளாம். அவ்வளவுதான் புரிந்தது. புது ஃபோனும் பழைய ஃபோன் மாதிரியேதான் இருக்கிறது.

என்ன தப்பு செய்தேன்? மூன்று வாரம் முன்பு வரை மணிக்கணக்கில் பேசியவள்.

ஜூலை 4, வெள்ளி

இன்று மேல் ஒலிகள் சுத்தமாக வரவில்லை. மெஷின் மெக்கானிக்கை வரவழைத்தேன். ஹெட்போனை மாற்றினார், மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒலியாக அளந்தார். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். எனக்கே காது குத்தப் பார்க்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. மறுபடி அளக்கச் சொன்னேன். அளந்தார். பிறகு ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக மேஜையில் வைத்தார்.

“மெஷின்ல கோளாறு இல்ல மேடம். வேற யாரையாவது ஒரு தடவ கேக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார்.

ஜூலை 5, சனி

மத்தியானம் எல்லோரும் போன பிறகு என்னை நானே சோதித்துப் பார்த்தேன். முடியவில்லை. பட்டனை அழுத்துவது என் விரல். ஒலி எப்போது வரும் என்று விரலுக்குத் தெரியும். விரலுக்குத் தெரிந்தது காதுக்குக் கேட்டது போலவே ஆகிவிடுகிறது. கேட்டதா, நினைத்துக்கொண்டேனா?

நான் சத்தம் புகாத கண்ணாடிப் பூத்துக்குள் உட்கார, வெளியே பட்டனை அழுத்த ஒரு ஆள் வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள். ஃபோனில் இருக்கிற பெயர்களை மேலும் கீழுமாகப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது? என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? வேலை போய்விட்டால் — இந்த வீட்டில் நாள் முழுக்க நான் என்ன பண்ணுவேன்?

ஜூலை 9, புதன்

வேறு வழி இல்லாமல் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். திறந்தேன். ஒரு குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு விசில் ஊதிக்கொண்டிருந்தது. முகமே சிவந்திருந்தது. எனக்கு நூல் மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான்.

விசிலை நிறுத்தவில்லையா என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

“எப்ப நிறுத்தினேன்? தினமும் ஊதுறாங்களே” என்றாள். “நீங்கதான் சுவத்தைத் தட்டுறத விட்டுட்டீங்க. சரி, மனசு மாறிட்டீங்க போலன்னு எதுக்க வந்து பேசினேன். திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டீங்க.”

வாசலிலேயே நின்றேன். என் காதைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டும் என்றேன். அவள் குழந்தையின் வாயிலிருந்து விசிலை எடுத்தாள்.

ஜூலை 10, வியாழன்

நான் பூத்துக்குள் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே என் நாற்காலியில் பக்கத்து அறை அம்மாள். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும்.

பட்டனை அழுத்தும்போது அவள் தோள் லேசாக அசைகிறது. அதைப் பார்த்தே நல்ல காது என்று பெயர் வாங்கிவிடலாம். முதலில் இரண்டு முறை அப்படித்தான் தூக்கினேன். கேட்கவில்லை, தூக்கினேன். யாரை ஏமாற்றுகிறேன்? நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

தாழ்ந்த ஒலிகளுக்குக் கை சுலபமாக எழுந்தது. அப்புறம் நெடுநேரம் எதுவும் வரவில்லை. அவள் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறாள் என்று தெரியும். கை மடியிலேயே கிடந்தது. இந்த ஊரில் என்னைத் தவிர யாருமே இல்லாத மாதிரி பயமாக இருந்தது.

தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். கீச்சு ஒலிப் பக்கம் கோடு கீழே இறங்கும் அதே சரிவு, எத்தனையோ பேருக்கு நான் காட்டி விளக்கியது. இந்த முறை என் பெயர். அழுதுவிட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

பெரிய டாக்டரிடம் சொன்னேன். வேலை போகவில்லை. காது மெஷின் மாட்டிக்கொண்டு தொடரலாம், காலையில் ஒலி சரிபார்ப்பது மட்டும் பக்கத்து அறை அம்மாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூலை 28, திங்கள்

மெஷின் மாட்டி முதல் நாள். என் குரலே தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. பழகும் என்று எல்லோருக்கும் நான் சொல்லும் பொய்யை எனக்கும் சொல்லிக்கொண்டேன். செருப்பு தேய்கிறது, குழாய் சொட்டுகிறது, பை கரகரக்கிறது. ஆளில்லாத வீட்டில் இவ்வளவு சத்தமா!

ஜூலை 30, புதன்

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. மகளைக் கூப்பிட்டுக் காது விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள், இல்லாவிட்டால் பதறுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“அப்ப அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் கேக்கலையா?”

எதையென்று கேட்டேன்.

வீட்டுக்காரரை விட்டுப் பிரிந்து வந்துவிட்டாளாம். மே மாதமே. தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்துவிட்டு, வீட்டுக்கு வரட்டுமா, இல்லை இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நான் — ஐயோ — நல்லது என்றேனே. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வா என்று சொல்லவில்லையே.

அன்றைக்கு அழுதாயா என்று கேட்டேன். அழுகை தாழ்ந்த ஒலி. அது எனக்குக் கேட்டிருக்க வேண்டும். அதையும் கேட்காமல் விட்டேனா என்றுதான் பயந்தேன்.

“இல்லம்மா. உன்கிட்ட அழலாம்னுதான் கூப்பிட்டேன். நீ அப்படிச் சொன்னதும் அழுகை வரல.”

எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னாள். பாதியில் அழுதாள்.

ஆகஸ்ட் 2, சனி

காலை பஸ்ஸில் வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். இரண்டு பெட்டி. சாப்பிட்டுவிட்டு என் கட்டிலிலேயே தூங்குகிறாள். குறட்டை விடுகிறாள், நான் மெஷினைக் கழற்றவில்லை.