வாப்பாவின் அடுப்பும் ஒன்றரை மணிச் செய்மதியும்

அக்குறணை
04.02.2025

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் என்னை ஏசும்போது அந்த வலி வருவதில்லை.

போன் வேலை செய்யவில்லை என்று கோபிக்காதே. ஞாயிற்றுக்கிழமை அது என் சட்டைப் பையிலிருந்து பருப்புக் கிடாரத்துக்குள் விழுந்துவிட்டது. என்னோடு இருபது வருடமாகச் சமைக்கிற ஃபாஸில் அகப்பையால் தூக்கித் தந்து, "அரூஸ் நானா, நல்லா வெந்திருக்கு" என்றான். பரவாயில்லை. போனில் உனக்கு "ம்", "சரி" தவிர வேறொன்றும் வராது. கடிதத்தில்தான் நாலு பக்கம் பேசுவாய்.

அன்றைக்குக் கலகெதரையில் கந்தூரி விருந்து. காட்டோரத்தில் முப்பது அடுப்பு. சாப்பாடு பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு என்பதால் பகல் ஒன்றரைக்கு எல்லா அடுப்பும் முழு நெருப்பில். மூன்று மணிக்குத் தீயணைப்பு வண்டி ஒன்று அலறிக்கொண்டு வந்து நின்றது. பெரியவர் குதித்து இறங்கி, "கின்ன கோ? கின்ன கோ?" என்றார். நெருப்பைத்தான் கேட்கிறார். முப்பது அடுப்பையும் காட்டி, "எது வேணும் மாத்தயா?" என்றேன்.

காடு எரிகிறதென்று கொழும்பில் யாரோ வானத்துப் படத்தைப் பார்த்துச் சொன்னார்களாம். வந்தவர்கள் ஆறு பேர், அதாவது சரியாக ஒரு ஸஹன். முதல் கிடாரத்தைத் திறந்து, ஒரே தட்டைச் சுற்றி உட்காரவைத்து, வயிறு நிறைய அனுப்பிவைத்தோம்.

அந்தக் கெட்டிக்காரர் யாரென்று உனக்குத் தெரியுமா? நீயும் ஒபிஸில் இப்படி ஏதோ பார்க்கிறாய்தானே?

அன்புள்ள
வாப்பா


கொழும்பு
07.02.2025

என் வாப்பாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

அந்தக் கெட்டிக்காரர் நான்தான்.

சிரித்து முடித்தீர்களா? இனி வாசியுங்கள்.

தினமும் பகல் ஒன்றரை மணியளவில் ஒரு செய்மதி நம் தலைக்கு மேலே போகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தரும். காட்டுத் தீயா, செங்கல் சூளையா, தகரக் கூரையா என்று அது சொல்லாது. அதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காட்டோரத்தில் ஒரு புள்ளியைக் கண்டேன். வேலைக்கு வந்து இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்கும்படி வாயைத் திறந்தேன். "தீ" என்றேன். இப்போது என் பெயர் புரியாணி மிஸ்.

எங்கள் பொறுப்பாளர் திலக்ஷன் சேர் சிரிக்கவில்லை. அதுதான் கூடுதல் பயம். "தெரிஞ்சதைச் சத்தமாச் சொல்ற ஆள்தான் இந்த மேசைக்கு வேணும். மாசக் கடைசியில முடிவு சொல்றேன்" என்றார். இனி என் வாய் திறக்கும் என்று தோன்றவில்லை, வாப்பா. குடும்பத்தின் முதல் பட்டதாரி வீட்டில் வெங்காயம் உரிக்கிறாள் என்று ஊர் பேசத்தான் போகிறது.

ஓர் உதவி. இனி எந்த நாள், எந்த ஊர், எத்தனை அடுப்பு என்று எனக்கு முன்கூட்டியே எழுதுங்கள்.

உங்கள்
ஷஹ்மா


அக்குறணை
10.02.2025

மகள் ஷஹ்மா,

சிரித்ததில் ஃபாஸிலுக்கு விக்கல் பிடித்துவிட்டது. "வானத்திலிருந்தும் தெரியும் அடுப்பு" என்று விசிட்டிங் காட் அடிக்கலாமாம். உம்மாதான் "தகப்பன்ட நெருப்பே மகளுக்கு வெளங்கல்லியே" என்று ஏசினாள். எனக்குப் பெருமை. உனக்குச் சொல்லாமல் சமைத்தது என் பிழை.

வெங்காயம் உரிக்கிற எண்ணத்தை விட்டுவிடு. அந்த வேலையை ஃபாஸில் யாருக்கும் தரமாட்டான்.

நீ கேட்டது:
16 ஞாயிறு: வத்தேகம, றமீஸாவின் கல்யாணம். காய்ந்த மானாப் புல் மலைக்கு அடியில் வீடு. இருபத்திரண்டு அடுப்பு.
23 ஞாயிறு: அக்குறணை. இருபது அடுப்பு.

வாப்பா


அக்குறணை
12.02.2025

மகள்,

அவசரமாக எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குக் கொப்புளிப்பான் போட்டுவிட்டது, உடம்பெல்லாம் கொப்புளமாம். கல்யாணம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான். 16ஆம் திகதி வத்தேகமையில் எனக்கு அடுப்பு இல்லை. வீட்டில் உம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பேன்.

இந்தத் தாளில் மஞ்சள் பட்டுவிட்டது. மன்னித்துக்கொள்.

வாப்பா


கொழும்பு
18.02.2025

என் அன்பு வாப்பாவுக்கு,

உங்கள் பட்டியலை மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். ஒபிஸில் அதற்கு வாப்பா கலண்டர் என்று பெயர். மஞ்சள் கடிதம் சனி மாலைதான் போர்டிங்குக்கு வந்தது. மறுநாள் ஞாயிறு வேலைக்குப் போகையில் அதைக் கைப்பையில் வைத்திருந்தேன்; கலண்டரை இன்னும் திருத்தவில்லை.

படம் வந்தது. வத்தேகமையில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்து மேசை தர்ஷனா கலண்டரைப் பார்த்து, "உங்க வாப்பா நேரம் தவறமாட்டார்!" என்று கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சேர் அந்தப் புள்ளியை வெட்டிவிடப் பேனாவை எடுத்தார்.

நான் எழுந்து நின்றேன். இன்னொரு தடவை பிழை விட்டால் என்ன பெயர் வைப்பார்களோ என்று நினைத்தேன். பிறகு அந்த மானா மலைக்கு அடியில் இருக்கிற வீட்டை நினைத்தேன்.

"அது வாப்பா இல்லை" என்றேன். சத்தமாக.

"எப்படித் தெரியும்?" என்றார் சேர்.

"மாப்பிள்ளைக்குக் கொப்புளிப்பான்."

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். சேர் வாசித்தார், மஞ்சளை முகர்ந்தும் பார்த்தார், பிறகு போனை எடுத்தார். வண்டி போனபோது மானாப் புல் பாதி மலைக்குப் பற்றியிருந்ததாம். நல்ல காற்று வேறு. றமீஸா வீட்டுக் குசினிக்கு நாற்பது மீற்றர் மேலே அணைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. ஆதாரம் என்று சேர் அதைக் கோவையில் போட்டுவிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? நீங்க இங்கேயே இருங்க" என்றார். நான் "ம்" என்றேன்.

உங்கள்
ஷஹ்மா


அக்குறணை
21.02.2025

அன்பு மகளுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். உன் கடிதத்தை உம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை அழுதாள். மூன்றாவது தடவை, "என்ன எழுத்து, மஞ்சளக் கழுவிட்டு எழுதேலாதா, அரசாங்கக் கோவையில போயிட்டு!" என்று என்னை ஏசினாள்.

நேற்று றமீஸாவின் வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொப்புளம் காய்ந்துவிட்டது. கல்யாணத்தில் முதல் ஸஹன் உனக்கென்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டில் ஐந்து பேர்தான் உட்காருவார்களாம். நீ வந்த பிறகுதான் கை வைப்பார்களாம். லேட்டாகாமல் வா. அங்கே நீ ஒன்றும் பேசத் தேவையில்லை.

23ஆம் திகதி இருபது அடுப்பு. மறக்காதே.

இன்னும் பத்து நாளில் நோன்பு. கஞ்சிக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் நெருப்பு மூட்டுவேன். அந்த மாதம் முழுக்க ஒன்றரை மணிக்கு எங்கே சிவப்புத் தெரிந்தாலும் அது நானில்லை, மகள். யாரையும் கேட்காதே. எழுந்து சொல்.

வாப்பா