ஏப்ரல் மாதத்து வெக்கைத் தாள்

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன ஞாயிறு நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் வைத்துவிட்டு, லைன் கட்டாகிவிட்டது என்று பிறகு சொன்னேனே, அது பொய். லைனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாய், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டால் அழுகிற ஆளா நான்? இப்போது அப்படித்தான் ஆகிப்போயிருக்கிறேன். தாளில் எழுதினால் நான் அழுவது உனக்குக் கேட்காது, அதனால் கடிதம்.

புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், கதிர்வீச்சு முடிந்ததும் உனக்குத் தெரியும். அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள் என்பதை நான் விவரமாகச் சொல்லவில்லை. ஆண் உடம்பில் ஊறுகிற ஹார்மோனை அது நிறுத்திவிடும். அதைத் தின்று வளர்கிற நோய் பட்டினி கிடக்கும். இரண்டு ஊசி ஆகிவிட்டது. நோய் அடங்கியிருக்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். நான்தான் நானாக இல்லை.

காலையில் வானிலை நிலையத்துத் தோட்டத்தில் வெப்பமானிப் பெட்டியைத் திறந்து குனிகிறேன். உள்ளே பத்தொன்பது டிகிரி. என் கழுத்தில் நெருப்பு. நெஞ்சிலிருந்து கிளம்பிக் காதுவரை ஏறுகிறது, சட்டை தொப்பலாகிறது, நாலு நிமிடத்தில் இறங்கி, அப்புறம் குளிர் நடுக்கம். முப்பத்தொரு வருடமாக வானிலை நிலையத்தில் வெப்பம் பார்த்து எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கூத்து! இடுப்பு பெருத்துவிட்டது. மார்பு வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தம்பி அக்காவுக்கு எழுத முடியாது, நீயே புரிந்துகொள்.

பத்து வருடம் முன்பு, மாதவிடாய் நிற்கிற வயதில் உனக்கு இந்த வெக்கை வந்தபோது, "அக்காவைக் காணோம்னா ஃப்ரிட்ஜுக்குள்ள தேடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நீ எப்படித்தான் சமாளித்தாய்? என் வீட்டு டீச்சரிடம் எதையும் சொல்லிவிடாதே. நோயும், ஊசியும், வெக்கையும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

உன் தம்பி


மார்ச் 25

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். முதலில் சிரித்ததற்காக நீ என்மேல் கோபப்பட முடியாது, பத்து வருடக் காத்திருப்பு அது. மன்னிப்பு வந்து சேர்ந்தது. அத்தானிடமும் வாசித்துக் காட்டினேன், மார்பு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

இப்போது கேள். கெட்டியான சட்டைகளை மூட்டை கட்டி வை. மெல்லிய பருத்தியில் இரண்டு அடுக்காகப் போட்டுக்கொண்டால் ஒன்றைக் கழற்றலாம், குளிர் வந்தால் மாட்டலாம். பையில் ஒரு சின்ன விசிறியும் மாற்றுச் சட்டையும் எப்போதும் இருக்கட்டும். வெக்கை கிளம்பும்போது அதோடு மல்லுக்கு நிற்காதே. நின்ற இடத்திலேயே மெதுவாக மூச்சை இழுத்து விடு, அது தன் பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும். சோர்வாக இருக்கிறது என்று உட்கார்ந்தால் சோர்வு கூடும். நட. வெயிட் தூக்கு. இந்த ஊசி எலும்பையும் தசையையும் கரைக்கும் என்று என் நீச்சல் வகுப்புக்கு வருகிற ஒரு நர்ஸ் அம்மாள் சொல்கிறார். எலும்பைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொன்னார். வெக்கைக்கும் மாத்திரை இருக்கிறதாம், வாயைத் திறந்து கேட்டால்தான் தருவார்களாம். நீ எப்போதடா வாயைத் திறந்திருக்கிறாய்?

உனக்குத்தான் எழுதி வைக்கிற வியாதி இருக்கிறதே, இதையும் எழுது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன செய்தாய், எல்லாம். ஏப்ரல் முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. புயலடித்த வருடம் இரண்டு நாள் வீட்டுக்கே போகாமல் மணிக்கொரு தடவை காற்றை அளந்து சொன்னவன் நீ. எத்தனை படகு உன்னால் கரை திரும்பியது என்று நான் இன்றைக்கும் நீச்சல் குளத்தில் பெருமையடித்துக்கொள்கிறேன். அந்த ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை.

டீச்சரிடம் மறைக்காதே. கணக்கு டீச்சரிடம் எதை எவ்வளவு நாள் மறைக்க முடியும்?

அன்புடன்,
அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். நிலையத்துப் பழைய படிவம் ஒன்றில் கட்டங்கள் கச்சிதமாகப் பொருந்தின. மணி, நீடித்த நேரம், தீவிரம், காரணம், கடைசியில் குறிப்பு. ஏப்ரல் மாதத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். குறிப்புப் பகுதியில் மனதில் பட்டதையெல்லாம் எழுதிவிட்டேன், நீ மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

எழுதியதில் ஒன்று தெரிந்தது. சூடான காபி குடித்த கால் மணி நேரத்தில் வெக்கை. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தாலும் வெக்கை. காபியை ஆற வைத்துக் குடிக்கிறேன், போனை உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஏழு என்றிருந்தது மாதக் கடைசியில் மூன்று நான்காகக் குறைந்திருக்கிறது. மழைமானித் தோட்டத்தைச் சுற்றித் தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன். இரண்டு தண்ணீர் கேன்களை வெயிட்டாகத் தூக்குகிறேன். உதவியாளர் ஒன்றும் கேட்பதில்லை, பயந்துபோய்ப் பார்க்கிறார்.

அக்கா, இதையெல்லாம் தாங்கிவிடுவேன். தாங்க முடியாதது வேறு. ஆறு மாதமாக நான் டீச்சருக்குக் கணவனாக இல்லை. ஆசை என்கிற ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. இரவில் சட்டை மாற்றினால் அவள் தூக்கம் கெடும் என்று சாக்குச் சொல்லிக் கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது உப்பு வேண்டுமா, பால் வாங்கவேண்டுமா, அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

மே 14 அன்று மூன்றாவது ஊசி. நான் போகப்போவதில்லை. இன்னும் ஒன்றரை வருடம் இப்படி இருப்பதைவிட, வருவது வரட்டும் என்று தோன்றுகிறது. தடுக்காதே.

உன் தம்பி


மே 6

தம்பி,

நீ எனக்கு அனுப்பியிருப்பது வெக்கைத் தாள் இல்லை. ஏப்ரல் மாத மழையளவு, காற்று, ஈரப்பதம். கீழே உன் நிலையத்து முத்திரை. இதை வைத்துக்கொண்டு நான் குளத்தில் என்ன செய்வது? என்னிடம் மழை வந்திருக்கிறது என்றால், உன் தாள் எங்கேடா போயிருக்கும்? தலைமை அலுவலகத்துக்கா? கடவுளே, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்!

சரி, அது போகட்டும். ஊசி விஷயத்துக்கு வருகிறேன். தடுக்காதே என்று எழுதியிருக்கிறாய். தடுக்கத்தான் செய்வேன். எனக்கிருப்பது ஒரே தம்பி.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு வெக்கை வந்த நாட்களில் காரணம் சொல்லாமல் அத்தான்மேல் எரிந்து விழுந்தேன், தொட்டால் கையைத் தட்டிவிட்டேன். அவர் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். பூங்காவில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு எட்டு மணிக்கு வருவார். இரண்டு வருடம் அப்படியே போனது. எனக்கு அவர்மேல் கோபம், அவருக்கு என்மேல் பயம். ஒரே ஒரு நாள் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஒரு நாளைக்கு ஏழு தடவை நெருப்பில் நின்றுகொண்டு ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடாமல், தண்ணீர் கேன் தூக்கி, அதையும் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். உன்னைப் பார்த்து நான் அசந்துபோகிறேன். இதைவிட ஆண்பிள்ளைத்தனம் வேறென்ன வேண்டும் உனக்கு? நான் டீச்சரிடம் சொல்லமாட்டேன், இது வாக்கு. ஆனால் நீ சொல்லவேண்டும். எட்டு நாள் இருக்கிறது. எனக்கு நீ உயிரோடு வேண்டும்.

அக்கா


மே 15

என் அன்பு அக்காவுக்கு,

நீ பயந்தது சரி. தாள் தலைமை அலுவலகத்துக்குத்தான் போயிருந்தது. பத்தாம் தேதி பெரிய அதிகாரியிடமிருந்து என் வீட்டு முகவரிக்கே திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: "இது எங்களுக்குரியதாகத் தெரியவில்லை. யாரும் படிக்கவில்லை. ஏப்ரல் தாளை அனுப்பவும். உடல்நலம் பேணவும்." யாரும் படிக்கவில்லையாம்! அடியில் நான் போட்டிருந்த மொத்தத்தை, 143 இல்லை 141 என்று சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அலுவலகத்திலிருந்து ஏதாவது தாள் சந்தேகத்தோடு திரும்பி வந்தால், சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் டீச்சர் அதை வரி வரியாகச் சத்தமாக வாசிப்பாள், நான் என் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்து டிக் போடுவேன். இருபத்தேழு வருடப் பழக்கம். அன்றைக்கும் நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் கவரைப் பிரித்துவிட்டாள்.

"உட்காருங்க, சரிபார்த்துடலாம்" என்றவள் வாசிக்க ஆரம்பித்தாள். "ஏப்ரல் ஒன்று. காலை ஏழு இருபது. நான்கு நிமிடம். நெஞ்சிலிருந்து காதுவரை. காரணம், காபி." நிறுத்தினாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பிடுங்கக் கையை நீட்டினேன். "பென்சிலை எடுங்க" என்றாள்.

ஒரு வரி விடவில்லை, அக்கா. மழையளவை வாசிக்கிற அதே குரல். ஒன்பதாம் தேதிக்கு வந்தாள். "குறிப்பு. டீச்சர் தோளில் கை வைத்தாள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அது அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து எழுந்து போய்விட்டேன்." நான் டிக் போடவில்லை.

"இதுல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. எழுதிக்குங்க" என்றாள்.

"என்ன?"

"டீச்சர் அன்னைக்குக் கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னா. தனக்கு வயசாயிடுச்சு, அதான் இவருக்குப் பிடிக்காம போச்சுன்னு நினைச்சுக்கிட்டா. எழுதியாச்சா?"

எழுதினேன். எழுத்து கோணல் மாணலாகப் போனது. அவள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு மேலே வாசித்தாள். கடைசி வரி, "மே 14, ஊசி. போவதில்லை." பேனாவைத் திறந்தாள். எங்கள் படிவத்தில் தவறான பதிவை அழிக்கக்கூடாது, ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, இருவர் கையெழுத்துப் போடவேண்டும். அந்த 'போவதில்லை'யை அவள் அடித்தாள். "இருவரும் போவோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். நானும் போட்டேன். அதற்கப்புறம் அவள் அழுதாள், நான் அழுததைக் கேட்கவே வேண்டாம்.

நேற்றுப் போனோம். ஊசி ஆயிற்று. டாக்டர் எலும்புக்குப் பரிசோதனை எழுதினார், வெக்கைக்கு மாத்திரை எழுதினார். ஆறு மாதமாக நான் கேட்கக் கூசியதை டீச்சர் வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். ஊசி இருக்கிறவரை ஆசை வராமலிருப்பது மருந்தின் வேலைதான், நிறுத்தியபின் மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அதற்கும் வழிகள் உண்டு, பேசலாம் என்றார் அவர். இப்படி ஒருத்தியோடு இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அக்கா, நேற்றுத்தான் நன்றாகப் பார்த்தேன். எழுந்திருக்கும்போது அவள் கேட்டாள்:

"டாக்டர், கட்டிப்பிடிச்சுக்கிறதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

"எவ்வளவு வேணும்னாலும், அம்மா."

"அப்ப அதையும் எழுதிக் குடுத்துடுங்க. இவர் தாள்ல இருந்தாத்தான் நம்புவார்."

டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரைக்குக் கீழே எழுதிக் கொடுத்தார். காலை ஒன்று, மாலை ஒன்று. இன்றைக்குக் காலைக்கானது ஆயிற்று.

உன் தம்பி