வெளிச்சம் கூடாத கரை

மார்ச் 2

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எச்சில் தாளில் சொட்டுகிறது, சொட்டட்டும். அத்தை என்னைக் கூட்டிப் போகிறாள்!

அத்தை அப்பாவின் தங்கை, லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவள். லீவு கிடைத்தால் ஆளே இல்லாத கடற்கரையாகத் தேடிப் போய் டெண்ட் போட்டுத் தூங்குவாள். கடையும் கூட்டமும் இருந்தால் அவளுக்கு அது கடற்கரையே இல்லை. "அது பஸ் ஸ்டாண்டு, பக்கத்துல தண்ணி" என்பாள்.

அம்மாதான் குறுக்கே நின்றாள். "இவளா? ராத்திரி பாத்ரூம் போகணும்னாலே அக்காவ எழுப்புறவ. அங்க யாரை எழுப்புவா, நண்டையா?"

எனக்கு இப்போதெல்லாம் இருட்டு என்றால் பயமே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அத்தை என் முகத்தையே பார்த்தாள். அக்கா மட்டும் சிரித்தாள். அவள்தானே என்னை 'வாட்ச்மேன்' என்று கூப்பிடுகிறாள், இரவெல்லாம் என் பக்கம் விளக்கு எரிவதால்.

இந்தமுறை தனி டெண்டில் தூங்கிக் காட்டினால் அடுத்த மாதம் தீவுக்கும் கூட்டிப் போவாளாம். படகில்தான் போக முடியுமாம். மணலில் ஒரு காலடிகூட இருக்காதாம். நம்முடையதுதான் முதல் காலடி! இப்போதே தூக்கம் வரவில்லை. பயமா ஆசையா தெரியவில்லை.

மார்ச் 5

மேசைக்கு அடியில் படுத்து விளக்கை அணைத்துப் பார்த்தேன். கேட்கிற மூச்சு என்னுடையதா வேறு யாருடையதா என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போட்டுவிட்டேன்.

மார்ச் 7

அத்தை டெண்டை ஹாலிலேயே விரித்துக் காட்டினாள். ஆரஞ்சு நிறம். என்னுடையதாம்! உள்ளே நுழைந்து படுத்தேன், வெளியே வர மனமே இல்லை. அப்பா வந்து டெண்ட் வாசலில் நின்று, வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

அப்புறம்தான் தலையில் இடி. ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளியே வருகிற காலமாம். பிறந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கடல் என்று நினைத்து ஓடுமாம். அதனால் இருட்டிய பிறகு டார்ச் கிடையாது, போன் கிடையாது. டெண்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று, யாரோ கேட்பதுபோல் கேட்டேன். உள்ளே வைத்தால் டெண்டே ஒரு பெரிய விளக்காகத் தெரியும் என்றாள்.

போதாக்குறைக்கு நாங்கள் போகும் இரவு நிலாவும் இல்லை. நட்சத்திரம் நன்றாகத் தெரியும் என்று அவளே பார்த்துப் பார்த்துக் குறித்த நாள்.

சின்ன டார்ச்சைக் காலுறைக்குள் சுருட்டி வைத்துவிட்டேன். போடப் போவதில்லை. இருந்தால் ஒரு தைரியம், அவ்வளவுதான்.

மார்ச் 13, டெண்டில்

வந்துவிட்டோம்!! சாலை முடிந்த பிறகும் புதருக்குள் நடந்தோம், மணல்மேட்டில் ஏறினோம். மறுபக்கம் கடல் மட்டும்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை யாருமே இல்லை. நான் கத்திப் பார்த்தேன், கத்தல் திரும்பி வரவில்லை. இவ்வளவு பெரிய இடத்தை எங்கள் மூன்று பேருக்கு மட்டும் யார் விட்டுவைத்தார்கள்?

மூன்றாவது ஆள் அத்தையோடு வேலை பார்க்கிற தோழி. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், பெயர் என்னவோ 'குட்டை'. நூடுல்ஸ் கிண்டினாள், பாதி மணல். அதுபோல ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. குளித்தோம், அலை என்னைப் புரட்டிப் போட்டது, மூக்கெல்லாம் உப்பு. குட்டையின் குறட்டைக்குப் பயந்து என் டெண்டைத் தள்ளிப் போட்டோம்.

இருட்டியதும் நட்சத்திரங்கள். கீழே விழுந்துவிடும் போல அத்தனை. அப்போது பயம் வரவில்லை. உள்ளே வந்து ஜிப்பை மூடிய பிறகுதான் வந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. எவ்வளவோ பொறுத்தேன். இப்போது போர்வைக்குள்தான் டார்ச். வெளியே தெரியாது. எழுதி முடித்ததும் அணைத்துவிடுவேன். இன்னும் கொஞ்சம்தான்—

ஏதோ சத்தம். துணியைக் கீறுகிற மாதிரி. கால் பக்கம். இப்ப தலை பக்கமும். நகமா? சின்னச் சின்ன நகம். அணைச்சிடவா? அணைச்சா இருட்டு. அத்தையக் கூப்பிட்டா எல்லாம் தெரிஞ்சிடும். அய்யோ நிறைய இருக்கு

மார்ச் 14, வீட்டில்

ஜிப்பைத் திறந்து வெளியே வந்தால், ஆமைக் குஞ்சுகள். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. சாவி கொடுத்த பொம்மைகள்போல டெண்டின் மேல் முட்டி முட்டிக் கவிழ்ந்தன. கடல் என்று நம்பி என்னிடம் வந்திருக்கின்றன.

டார்ச்சை அணைத்தேன். நட்சத்திர வெளிச்சத்தில் பார்த்தால், அவை சுற்றிச் சுற்றி வந்தன, போகவில்லை. மிதித்துவிடுவேனோ என்று நகரவும் பயம். பிறகு என்ன தோன்றியதோ, அவற்றைத் தாண்டிக் கடல் பக்கம் போய் நின்று மறுபடி போட்டேன். திரும்பின! எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் பின்னால் பின்னால் நடந்தேன், வெளிச்சத்தை மணலோடு ஒட்டிப் பிடித்தபடி. முதுகுக்குப் பின்னால் அந்தக் கறுப்புக் கடல் உறுமிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. என் கால்களைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக உரசிக்கொண்டு போயின. அலை ஒன்று வரும், கொஞ்சம் பேரை அள்ளிக்கொண்டு போகும். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும்.

பக்கத்தில் அத்தை நிற்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

"சண்டையெல்லாம் காலையில வச்சுக்கலாம். இப்ப காலைத் தூக்காத, அடியில இருக்கும்."

காலையில் அவள் சண்டை போடவில்லை. டார்ச் எதற்கு என்று மட்டும் கேட்டாள். இருட்டென்றால் பயம், அன்று பொய் சொன்னேன் என்றேன். பிறகு என்னை டெண்டுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். மணலில் சின்னச் சின்னத் தடங்கள் வந்து சுற்றியிருந்தன, கடலுக்குத் திரும்பியிருந்தன. ஒரே ஒரு தடம் மட்டும் புதர்ப் பக்கம் போயிருந்தது. தேடினோம். கிடைக்கவில்லை.

வழியெல்லாம் அவள் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தீவைப் பற்றி நான் எப்படிக் கேட்பது?

மார்ச் 21

அத்தை போன் பண்ணவே இல்லை. அந்தத் தடம் கண்ணை மூடினால் வருகிறது.

மார்ச் 28

அத்தை வந்தாள்! அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. என்னை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"பயம்னு முதல்லயே சொல்லியிருந்தா பக்கத்துல டெண்ட் போட்டிருப்பேன்ல, மண்டு. எனக்கு என்ன, ஜோசியமா தெரியும்?"

தீவுக்கு வரலாமா என்று கேட்டேன். டார்ச் வேண்டாம், நானே வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். லிஃப்ட் குழிக்குள் கத்தினால் கேட்காதாம், கயிற்றால்தான் பேசிக்கொள்வார்களாம். ஒருமுறை இழுத்தால் 'இருக்கியா'. இரண்டுமுறை இழுத்தால் 'இருக்கேன்'. ஒரு முனை அவள் டெண்டில், ஒரு முனை என் டெண்டில்.

போகிறேன்! தீவுக்குப் போகிறேன்!

ஏப்ரல் 11, காலை

தீவு. வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், தாளைப் பார்த்தால் கண் கூசுகிறது. படகிலிருந்து என்னை முதலில் குதிக்கச் சொன்னாள் அத்தை. என் காலடிதான் முதல் காலடி. ஓடி ஓடி எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவு வைத்தேன்.

நேற்று இரவு எழுதவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, இழுக்கலாமா, இவ்வளவு சீக்கிரமா, சிரிப்பாளோ என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அப்போது கயிறு ஒருமுறை இழுபட்டது. நான் இரண்டுமுறை இழுத்தேன். கொஞ்ச நேரம் போனது. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. தூங்கிப்போகும்வரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் பக்கத்திலிருந்து நானாக ஒருமுறைகூட இழுக்கவில்லை.

காலையில் கேட்டேன். அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே, "காத்துல ஆடியிருக்கும்" என்றாள்.

நேற்று இரவு காற்றே இல்லை.