சிவப்புக் கோடும் சுகியின் சோதனையும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியவே மழை. துறைமுகப் பக்கம் ஒரே மூட்டம். காயப்போட்ட மிளகாய் திரும்பவும் உள்ளே. வாங்கியது: பால்மா, தேங்காய் 2, கற்பூரம்.

பின்லாந்திலிருந்து மகள் சுகி பேசினாள். வியாழன் மொழிச் சோதனை. தாள் பார்க்காமல் அந்த நாட்டுப் பாஷையில் பேச வேண்டும். சித்தியடைந்தால் தாதிப் படிப்புக்கு இடம். இல்லாவிட்டால் விசா முடிய வீட்டுக்கு. தலைப்பு: இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் அங்கு நடந்த ஒரு பாராளுமன்றத் தேர்தல்.

15, புதன்

எனக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். நான் குசினியில், கீரை ஆய்ந்தபடி. பிடிக்காத ஆட்களைக் காரில் ஏற்றி எல்லையில் கொண்டுபோய் விட்ட காலமாம். அப்படியும் சனம் வாக்குப் போடப் போயிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த இவர் எழும்பி வெளியே போய்விட்டார். இங்கும் ஆட்களை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோன காலம் இருந்தது, எங்களுக்குத் தெரியாத பயமா.

விரும்பின ஆளின் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார்களாம்.

"சிவப்புக் கோடு எண்டால் வெட்டினதெல்லோ பிள்ளை? என்ர கணக்குக் கொப்பியில அப்பிடித்தானே."

"அம்மா, என்னைக் குழப்பாதேங்கோ."

"உயிரோட இருக்கிற ஆளின்ர பேருக்குச் சிவப்பு ஆகாது."

"ஐயோ, வையுங்கோ போனை!"

16, வியாழன்

விரதம். அம்மன் கோயிலில் சுகி பேருக்கு அர்ச்சனை. சோறு குழைந்துவிட்டது, இவர் அப்படியே சாப்பிட்டார்.

பின்னேரம் அழைப்பு. வாய் தடுமாறி, வேண்டாத ஆளுக்குத்தான் சிவப்புக் கோடு என்று சொல்லிவிட்டாளாம். ஏன் அப்படி நினைத்தாய் என்று சோதனை எடுத்த ஆசிரியை கேட்டாவாம். பாடமாக்கினது எல்லாம் மறந்து, இவள் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். அம்மா வெட்டுகிறது சிவப்பால், வாக்குச் சீட்டில் பிடித்த ஆளுக்குப் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி.

"அப்ப உங்கட ஊரில பிடிச்ச ஆளைத்தான் வெட்டுறதோ எண்டு கேட்டுச் சிரிச்சவா அம்மா. அதுக்குப் பிறகு எனக்கு வாய் திறந்திட்டுது."

"பேந்து?"

"பாஸ்! இடம் கிடைச்சிட்டு!"

இவர் பின்னாலிருந்து, "கொம்மாட்டை இனிப் பாடம் கேளாத!" என்றார். கண் துடைத்தது எனக்குத் தெரியும்.

17, வெள்ளி

வெயில். மோதகம் அவித்துக் கோயிலுக்கு. கும்பிட்டுக்கொண்டே நின்றேன். படிப்பு தையில் தொடங்குகிறதாம், பொங்கலுக்கு வர ஏலாதாம். கேட்டதைத் தந்தாய் தாயே, போதும்.

ஒருவேளை வந்துவிடுவாளோ என்று விரித்து வைத்திருந்த கட்டில் விரிப்பை மடித்து அலுமாரியில் வைத்தேன்.