ஒப்பிடக் கொடுத்த அட்டை

அனுப்புநர்:
மு. கோலப்பன், எம்.எஸ்சி., எம்.ஃபில்.,
இயற்பியல் இணைப்பேராசிரியர்,
ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், குடப்பனக்குன்னு,
திருவனந்தபுரம்.

பொருள்: மகளிர் விடுதியில் சரிபார்க்கக் கொடுத்த ஆதார் அட்டை படமெடுக்கப்பட்டுப் பிறருக்கு அனுப்பப்பட்டது – படத்தை அழிக்கவும், எந்த அடையாள அட்டையைத் தருவது என்பதைத் தங்குபவரே தேர்ந்துகொள்ளவும் உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். மலையாளம் எனக்கு நன்றாகவே எழுத வரும். ஆனால் இந்தப் புகார் ஒரே ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. மலையாளத்துக்குள் நுழைந்ததும் அந்தச் சொல் வேறொன்றாகிவிடுகிறது.

2. என் தங்கை தன் கணவரைப் பிரிந்து நாகர்கோவிலிலிருந்து வந்தாள். பிரிந்ததற்கான காரணம் அவளுடைய இடது முழங்கையில் இருக்கிறது. மனுவுடன் இணைக்க இயலவில்லை. கணவர் அவளைத் தேடி என் வீட்டுக்கு ஒருமுறை வந்தார். காபி குடித்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா அறைகளையும் பார்வையால் அளந்துவிட்டுப் போனார். அதன்பின் அவளை என் வீட்டில் வைத்திருப்பது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. கழக்கூட்டத்தில் ஓர் அலுவலக உணவகத்தில் மேற்பார்வை வேலையும், அருகிலேயே ஒரு மகளிர் விடுதியில் இடமும் கிடைத்தன. விடுதியின் பெயரைத் தனி உறையில் இணைத்துள்ளேன். அங்கே அவள் இருப்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

3. விடுதியில் சேர்வதற்கு முந்தைய நாள் அவளைக் கல்லாற்றுக்கு அழைத்துப் போயிருந்தோம். பொன்முடியிலிருந்து இறங்கிய மூடுபனி ஆற்றின் மேல் கலையாமல் கிடந்தது. பாறையில் அமர்ந்து நெடுநேரம் நீரில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவள், “இந்தத் தண்ணி நம்ம முகத்தைப் பாத்துட்டு நமக்கே திருப்பித் தந்திருது, அண்ணே” என்றாள். அப்போது நான் சிரித்தேன். அந்தக் கூற்றை இன்று ஒரு சட்ட வாசகமாகவே தங்கள் முன் வைக்கிறேன்.

4. அன்று மாலை, மழை இருட்டில், சாப்பாட்டு மேசையில் அவள் தன் அட்டைகளைப் பரப்பினாள். மூன்று வெவ்வேறு பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். வாக்காளர் அட்டையில் இருந்தவள் கல்யாணமான புதிதில் இருந்தாள். ஆதாரில் இருந்தவள் கண் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். பான் அட்டையில் இருந்தவள் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் போலிருந்தாள். முதல் இரண்டிலும் கணவரின் பெயரும் அவர் வீட்டு முகவரியும் இருந்தன. மூன்றாவதில் எங்கள் அப்பாவின் பெயர் மட்டும். அவள் மூன்றாமவளைத் தேர்ந்தாள். ஆதாரைக் கேட்டால் காட்டுவது, பிரதி கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

5. விடுதி மேலாளர் திரு. அஜின் பான் அட்டையின் பிரதியை வாங்கிக்கொண்டு, “ஆதாரும் வேணம், ஒப்பிடணம்” என்றார். மலையாளத்தில் ஒப்பிடுவது என்றால் கையெழுத்திடுவது. தமிழில் ஒப்பிடுவது என்றால் ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்ப்பது. தமிழ் மட்டுமே படித்த என் தங்கை, அட்டையைத் தன் முகத்தோடு வைத்துப் பார்க்கப் போகிறார் என்று புரிந்துகொண்டாள். அட்டையைக் கொடுத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அவர் பார்ப்பதற்கு வசதியாக முகத்தை நிமிர்த்தி அசையாமல் நின்றாள். திரு. அஜின் நிமிரவேயில்லை. அட்டையைத் தம் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். அவள் கையெழுத்திட்டாள்.

6. அந்தப் படம் விடுதி நடத்துவோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. புதிதாகச் சேர்வோரின் அட்டைகளை அங்கே போடுவது அவர்களுடைய வழக்கமாம். குழுவில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார். என் தங்கையைக் காணவில்லை என்று அவளுடைய கணவர் ஊரெல்லாம் அனுப்பிய படம் அவரிடமும் இருந்தது. அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

7. கணவர் விடுதி வாசலுக்கு வந்தார். தம் கைப்பேசியில் அவளுடைய அட்டையைக் காட்டினார். திரு. அஜின் அதில் இருந்த கணவர் பெயரை வந்தவரின் பெயரோடு ஒப்பிட்டார். பொருந்தியது. வரவேற்பறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மாடிப்படியிலிருந்து அதைக் கண்ட என் தங்கை சமையலறை வழியாக வெளியேறினாள், செருப்பில்லாமல்.

8. நான் விளக்கம் கேட்கச் சென்றபோது திரு. அஜின் மிகுந்த மரியாதையுடன் நடந்துகொண்டார். எனக்கும் நாற்காலி போட்டார். “அவரு தன்னெயல்லே ஒப்பிட்டது, சாரே?” என்றார். அவள்தானே கையெழுத்திட்டாள் என்பது அதன் பொருள். ஐயா, நான் குரலை உயர்த்தவில்லை. இத்தனை பேர் இத்தனை முறை ஒப்பிட்டிருக்கிறார்கள்; அவளுடைய அட்டையை அவளுடைய முகத்தோடு வைத்துப் பார்த்தவர் மட்டும் ஒருவரும் இல்லை என்று தெளிவான மலையாளத்தில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

9. கணவர் மீது காவல் நிலையத்தில் தனியே புகார் அளித்துள்ளேன். என் தங்கை வேலையை விட்டுவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று இம்மனுவில் எழுதமாட்டேன். கண் திறந்தபடி உறங்கும் அந்த ஆதார்க்காரி முன்பின் தெரியாத கைகள் வழியாக ஊர் ஊராக நடந்து போவதாகக் கனவு வருகிறதாம். பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லையாம். அவளைத் திரும்ப அழைத்துவர எந்த அலுவலகத்தை அணுகுவது என்று என்னிடம் கேட்டாள். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

10. ஆகவே,
(அ) அந்தப் படத்தை மேலாளரின் கைப்பேசியிலிருந்தும் குழுவிலிருந்தும், அதைப் பெற்ற ஒவ்வொருவரிடமிருந்தும் அழிக்கச் செய்து, அதை எழுத்தில் உறுதிப்படுத்தவும்;
(ஆ) தங்குபவர் தேர்ந்து தரும் ஓர் அடையாள அட்டையே போதும் என்றும், காட்டக் கொடுத்ததைப் படமெடுக்கலாகாது என்றும் மாவட்டத்தின் எல்லா விடுதிகளுக்கும் மலையாளத்திலும் தமிழிலும் ஆணையிடவும்;
தங்களை வேண்டுகிறேன்.

11. மனுவுடன் ஆதார் பிரதி இணைப்பது வழக்கம் என்பதை அறிவேன். இணைக்கவில்லை. தாங்கள் குறிக்கும் நாளில் என் பான் அட்டையுடன் நேரில் வருகிறேன். அருள்கூர்ந்து நிமிர்ந்து பார்த்து, அதை என் முகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு திருப்பித் தந்துவிடுங்கள்.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 14.07.2025

பொருள் அறிந்து இட்ட ஒப்பம்,
மு. கோலப்பன்