அன்று வானொலி வைத்திருந்தது நான்தான்

அன்பு மகள் ஜுசாராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முதல்நாளே முனக ஆரம்பித்துவிடுகிறது. போர்ச்சுகலில் குளிர் இறங்கிவிட்டதாமே, சின்னவனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீயும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே.

நம் ஃபெரோவியாரியோ கால்பந்துக் கழகத்துக்கு எழுபத்தைந்து வயதாகிறது, எவரால்டோ வாத்தியார் அதன் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதுகிறார். ரயில் பட்டறைக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது, வெள்ளத்தில் கோல்கம்பம் மிதந்துபோய்ப் பக்கத்து ஊர்க்காரன் தரமாட்டேன் என்று அடம்பிடித்தது, எல்லாம் வந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் பாருங்கள் என்று அப்பாவிடம் கொடுத்தார். நீ பிறந்த வருஷத்துப் பக்கம் வந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் வாங்கிப் படித்தேன். அப்பா பெயரைப் போட்டே, கோல்கீப்பர் ஒசோரியோவின் சோம்பலால் முதல் பிரிவுக்கு ஏறும் வாய்ப்பு கைநழுவியது என்று இருந்தது. அது அபாண்டம் ஜுசாரா. உன்னைக்கூடப் பள்ளிக்கூடத்தில் தூங்குமூஞ்சி மகளே என்று கூப்பிட்டு அழவைத்தார்களே, அதற்கெல்லாம் காரணம் நான்தான்.

கடைசி ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று. நாம் ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் அதே நேரம் வேறு ஊரில் ஆடிய கொமர்சியால் கழகம் தோற்க வேண்டும். அந்த ஊர் நிலையத்தைப் பிடிக்கிற வானொலி என்னுடையது ஒன்றுதான், காதில் ஒட்டிக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்றேன். கொமர்சியால் மூன்று கோலில் தோற்றது என்று கேட்டதுதான் தாமதம், "ஒசோரியோ, அவனுங்க தோத்துட்டானுங்க, பந்த விடாத!" என்று கத்தினேன். அவர் என்னை நம்பிப் பந்தைக் கட்டிக்கொண்டு படுத்தார், மற்றவர்களையும் முன்னேற விடவில்லை. பாழாய்ப்போன என் அவசரம்! தோற்றது அவர்களுடைய இரண்டாம் அணி, பெரிய ஆட்டத்துக்கு முன்னால் நடக்குமே, அந்த ஆட்டத்தில். மழையில் அங்கே எல்லாம் தள்ளிப்போயிருந்தது. பெரிய ஆட்டத்தில் கொமர்சியால் ஜெயித்துவிட்டது.

யார் சொன்னது என்று ஊரே வாசலில் வந்து கத்தியபோது, "யாரும் சொல்லல, நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றார் அப்பா. நீ அப்போது ஏழு மாதம், என் வயிற்றில். அதன்பிறகு கழகம் முதல் பிரிவைக் கண்ணால் பார்க்கவில்லை, அப்பாவும் என்னை ஒரு சொல் குத்திப் பேசியதில்லை.

நேற்று அவர் முடிவெட்டப் போனதும் வாத்தியாரைக் கூப்பிட்டு, சீஸ் ரொட்டியும் காப்பியும் வைத்து, உள்ளதைச் சொல்லி என் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். பாவம், அவர் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அப்பா வந்து ஒரே கூச்சல். "நாப்பது வருஷமா தடுத்து வெச்சிருந்தேன், நான் அந்தண்டை போன நேரம் பாத்து நீயே கோல் போட்டுட்டியேடி!" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் காப்பி ஆறியும் விடவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாதாம், அம்மா மேல கோவிச்சுக்குவா என்று கெஞ்சுகிறார். அதனால் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கோபம் இருந்தால் என்னைத் திட்டு மகளே, வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மறக்காமல் முதலில் அப்பாவிடம் பேசு. அபரெசிடா மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும்.

முத்தங்களுடன் உன் அம்மா,
லின்டால்வா