தள்ளி நின்ற வட்டம்

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை கராத்தே போட்டி. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் நானும் இருக்கிறேன், சிரிக்காதே. எந்தக் கட்டா செய்யப்போகிறேன் என்று இன்று மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டா உனக்குத் தெரியும்; கூடத்தில் பழகும்போது உன் பூச்சாடியை உடைத்தேனே, அந்த அசைவு வரிசைதான்.

எல்லாரும் பெரிய கட்டாவைச் செய்யச் சொல்கிறார்கள். இருபது வருடமாக எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும் என்பதுதான் அதில் கணக்கு. நேற்று தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதில் நின்று தொடங்கினேன். முடித்தபோது வட்டம் மூன்றடி தள்ளிக் கிடந்தது.

"நடுவுல நாலு அசைவு விட்டுட்டீங்களே," என்றார் மாஸ்டர்.

"செஞ்சேனே!" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் போனில் எடுத்திருந்ததைக் காட்டினார். செய்யவில்லை.

செய்ததாகத்தான் இப்போதும் எனக்கு நினைவு.

சின்னப் பிள்ளைகள் முதலில் படிக்கும் கட்டாவையே எழுதிக் கொடுக்கப்போகிறேன். வீட்டில் அவரிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

இன்னொன்று. அடுப்பில் வெறும் பாத்திரம் கருகிக்கொண்டிருக்க, "தண்ணி ஊத்தினேனே!" என்று அம்மா நம்மிடம் சண்டை போட்டாளே, அதுதானே முதல் தடவை? அப்போது அவளுக்கு என்ன வயது? எனக்காக ஐந்தாறு வருடம் கூட்டிச் சொல்லாதே, அக்கா.

உன் தங்கை